இரண்டு கிலோ லென்ஸும் ராயக்கோட்டை மலையும்: 150-600 உடன் ஆறு வருடம்

2019 ஜனவரியில், சீட்டு எடுத்த பணத்தில், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் இந்த 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்கினேன். அடுத்த மாதம் பெங்களூர் எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. போர் விமானங்களை ஒரு தடவையாவது மனம் நிறையப் படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போதைய ஆசை. ஆறு வருடம் தாண்டிவிட்டது. கணக்குப் பார்த்தால் விமானத்தை எடுத்த நாட்கள் பத்துக்குள்தான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மலையிலும் தருமபுரிப் பக்கத்து வத்தல்மலைச் சரிவிலும் உட்கார்ந்து பருந்துகளையும் உழவாரன் குருவிகளையும் எடுத்த நாட்கள் அதைப்போல் பல மடங்கு. ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இரண்டும் ஒரே வேலைதான். வேகமாக வருவதை, நிலையில்லாத வெளிச்சத்தில், உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பிடிக்க வேண்டும்.

இந்த அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் லென்ஸ் செய்கின்றன. என்னுடையது எது என்று சொல்லப்போவதில்லை. பழுதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு லென்ஸுக்கு வந்ததை வைத்து ஒரு கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை. தவிர, இங்கே சொல்வதில் பெரும்பகுதி எந்த 150-600க்கும் பொருந்தும்.

மலை ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மாக் லூப் என்று ஒரு பள்ளத்தாக்குச் சுற்று இருக்கிறது. பயிற்சிக்கு வரும் போர் விமானங்கள் அங்கே 250 அடி வரை தாழ்ந்து, மலைகளுக்கு நடுவே புகுந்து போகும். சரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விமானத்தின் முதுகு தெரியும், விமானியின் ஹெல்மெட் தெரியும். விமானத்தைக் கீழே பார்த்துப் படம் எடுக்கிறார்கள்! அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. எலகங்கா சமதளம். அங்கே எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்திருந்தாலும் பெரும்பாலும் விமானத்தின் வயிற்றைத்தான் எடுக்க முடியும். ஒன்றை அதன் மட்டத்திலிருந்து, முடிந்தால் அதற்கு மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அந்த 2019 பிப்ரவரியில் இன்னும் கூடிப்போனது. நம் பக்கத்தில் அந்த மாதிரிப் பள்ளத்தாக்குப் பறத்தல் கிடையாது. பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் கோட்டை மலைகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றிப் பருந்துகள் இருக்கின்றன. ராயக்கோட்டை உச்சியில் உட்கார்ந்தால் கரும்பருந்தின் முதுகைப் பார்க்கலாம். அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஓசூரில் எனக்கு ஷிப்ட் வேலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. இரவு ஷிப்ட் முடிந்து நேராக ராயக்கோட்டை போய், தக்காளி மண்டிப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு ஏறிவிடுவேன். பையோடு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். லென்ஸ் மட்டும் சுமார் இரண்டு கிலோ. கேமரா, தண்ணீர், மழை உறை எல்லாம் சேர்ந்தால் நான்கரை கிலோ வரும். முதல் மாதம் தோள்பட்டை விட்டுப்போனது. கேமராவோடு வந்த கழுத்து வாரைத் தூக்கிப் போட்டுவிட்டு, லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான காலரின் திருகில் மாட்டும் குறுக்குவார் வாங்கிய பிறகுதான் நிம்மதி. இந்த எடையுள்ள லென்ஸைக் கேமராவின் வளையத்தில் தொங்கவிட்டு நடக்கவே கூடாது; லென்ஸும் கேமராவும் பொருந்தும் மவுண்ட் தளர்ந்துவிடும்.

லென்ஸின் தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 150 முதல் 500 வரை நன்றாகவே இருக்கிறது. 600இல் முழுத் துவாரமான எஃப் 6.3 கொஞ்சம் மென்மை, துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் சரியாகிவிடும். என் கேமரா ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சிறிய சென்சார் கொண்டது. அதனால் 600 என்பது 900 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். ஆட்டோ போகஸ் நல்ல வெளிச்சத்தில் போதும். மேகம் மூடிவிட்டால் முன்னும் பின்னுமாகத் தேடி அலையும். அதற்கு இரண்டு விஷயம் உதவின. ஒன்று, போகஸ் எல்லைச் சுவிட்சைப் பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும்படி வைப்பது. இன்னொன்று, பறவை வருவதற்கு முன்பே எதிரே ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள ஒரு மரத்தில் போகஸ் வைத்து விட்டுவிடுவது. தேட வேண்டிய தூரம் குறைந்தால் அதன் மெத்தனமும் குறைகிறது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வருடத்தில் பாதிப் படங்கள் தெளிவில்லாமல் வந்தன. இறகோரம் மெழுகு உருகினது போல இருக்கும். போகஸ் கோளாறு என்றே நம்பினேன். லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேலைப் பழக்கம், எதையும் அளந்து பார்க்காமல் முடிவு கட்ட மனம் வராது. மொட்டை மாடிச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி மோனோபாடு என்ற ஒற்றைக்கால் தாங்கியில் வைத்து, விடியற்காலை ஆறு மணிக்கு இருபது படம், பகல் பன்னிரண்டு மணிக்கு இருபது படம் எடுத்தேன். காலைப் படங்களில் வரி விளம்பரத்தின் பொடி எழுத்தெல்லாம் கல்வெட்டு போல இருந்தது. பகல் படங்களில் ஒவ்வொன்றிலும் எழுத்து வெவ்வேறு மாதிரி நெளிந்திருந்தது. லென்ஸ் மேல் தப்பே இல்லை. காற்றுதான் காரணம்.

கானல் என்றால் தார் ரோட்டில் தெரிவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ராயக்கோட்டை மலை முழுக்கப் பாறை. காலை ஒன்பதரைக்கெல்லாம் பாறை சூடேறி, அதன் மேலுள்ள காற்றும் சூடாகி எழும்ப ஆரம்பிக்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அவை கலந்து புரளும்போது நம் லென்ஸுக்கு முன்னால் ஆயிரம் கோணல் கண்ணாடிகளைப் பிடித்தது போல ஆகிவிடும். எவ்வளவு பெரிய லென்ஸோ அவ்வளவு பெரிதாக அந்த நெளிவும் தெரியும். அதனால் லட்சக்கணக்கில் கொடுத்து இதைவிடப் பெரிய லென்ஸ் வாங்கியிருந்தாலும் அந்த முதல் வருடம் எனக்கு இதே படங்கள்தான் வந்திருக்கும்.

உங்கள் லென்ஸா, காற்றா என்று சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். ஒரே இடத்தைத் தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி, குறிவைத்த இடத்துக்குப் பின்னாலோ முன்னாலோ தெளிவு விழுந்திருந்தால் லென்ஸைப் பார்க்க வேண்டும். ஒரு படம் தெளிவு, அடுத்தது கலங்கல், அதற்கடுத்தது பாதி தெளிவு என்று மாறி மாறி வந்தால் காற்றுதான். லென்ஸைத் திருகிக்கொண்டு இருக்காதீர்கள்.

இது புரிந்த பிறகு உட்காரும் இடத்தையே மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் பாறையின் நடுவில், கோட்டைச் சுவர் நிழலில் உட்காருவேன். இப்போது சரிவு தொடங்கும் விளிம்புக்குப் பக்கத்தில், பாதுகாப்பாகக் கால் ஊன்ற முடிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். முன்னால் சூடான பாறை இல்லை, நேராகப் பள்ளம். லென்ஸுக்கு முன்னாலுள்ள முதல் சில மீட்டர் காற்றுதான் அதிகம் கெடுக்கிறது. அது சுத்தமாக இருந்தால் பத்தரை மணி வரைகூடத் தாக்குப்பிடிக்கலாம். அப்புறம் இன்னொன்று: வண்டியிலும் பையிலும் சூடான லென்ஸை எடுத்த உடனே படம் எடுக்கக்கூடாது. முன்னால் மாட்டும் உறைக்குழலுக்குள்ளேயே கானல் அலையும். இருபது நிமிடம் வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

மாதத்துக்கு மாதம் காற்று வேறு. மாசி, பங்குனியில் புழுதியும் புகையும் சேர்ந்து எதிர்மலையே சாம்பல் நிறமாகத் தெரியும், ஏறுவதே வீண். மார்கழியில் பனிமூட்டம் கலைய எட்டு மணி ஆகிவிடும், கலைந்த பிறகு ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். ஆடிதான் எனக்குப் பிடித்த மாதம். மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும்பும். அந்த எழுச்சியில் பருந்துகள் இறக்கை அசைக்காமல் காற்றைப் பார்த்தபடி நம் கண்மட்டத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். நிமிடக்கணக்கில் நிற்கும். ஒரு பாம்புக்கழுகு அப்படி நின்று, தலையை மட்டும் குனிந்து கீழே தேடியதை நாற்பது மீட்டர் தூரத்தில் எடுத்திருக்கிறேன். விமானம் எடுக்கப் போன எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் அதே காற்று லென்ஸின் உறைக்குழலைப் பாய்மரம் போலப் பிடித்து ஆட்டும். அந்த நாட்களில் குழலைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றித்தான் எடுப்பேன்.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ட்ரைபாடு எடுத்துப் போவதில்லை. பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து, கொள்ளு நிரப்பி, பாறை மேல் வைக்க ஒரு பை செய்தேன். கொள்ளு லென்ஸின் வளைவுக்கு அழகாக அமைந்து கொடுக்கும். ஒரு மழையில் நனைந்து, நான் கவனிக்காமல் விட்டதில் நான்காம் நாள் முளைவிட்டிருந்தது. இப்போது கொள்ளை முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி அதைத் துணிக்குள் வைக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. மலையிலிருந்து எடுக்கும்போது ஒரே பறவை ஒரு நொடி வெள்ளை மேகத்துக்கு முன்னால் இருக்கும், அடுத்த நொடி கருத்த காட்டுக்கு முன்னால் போய்விடும். கேமராவின் தானியங்கி வெளிச்ச அளவு அந்தப் பின்னணியை நம்பி ஏமாறும்: மேகத்தின் முன் பருந்து கரிக்கட்டையாகும், காட்டின் முன் வெளுத்துப்போகும். பருந்தின் மேல் விழும் வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது. அதனால் ஷட்டர் 1/2000 நொடி, துவாரம் எஃப் 8, ஒளி உணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் கையாலேயே வைத்துவிடுவேன். மேகம் சூரியனை மூடும்போதும் திறக்கும்போதும் மட்டும் ஐஎஸ்ஓ சக்கரத்தைத் திருப்புவேன். விரல் பழக இரண்டு மாதம் ஆனது. சாம்பல் நிறப் போர் விமானத்துக்கும் இதேதான் சரி. ஹெலிகாப்டருக்கு மட்டும் ஷட்டரை 1/250க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழலி உறைந்து, பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும்.

மழைக்கு வருவோம். 2021 மே மாதம். மாங்காய் சீசன், கோடை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாட்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அன்று சாயங்காலம் நான் ஏறும்போதே சொன்னார்: "தம்பி, மேக்கால கருக்குது பாரு. போனதும் திரும்பிடு."

"சரிங்க பெரியப்பா, ஒரு அரை மணி நேரம்தான்."

"அரை மணி உனக்கு. மழைக்கு யார் சொல்றது?"

இருபதே நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. லென்ஸை 600க்கு நீட்டி வைத்திருந்தேன். பதற்றத்தில் அப்படியே 150க்குச் சுருக்கிப் பையில் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. இந்த வகை லென்ஸில் மவுண்டில் ரப்பர் வளையம் இருக்கிறது. நீண்டு சுருங்கும் குழாயில் அந்த அளவுக்கு அடைப்பு கிடையாது. நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், சுருங்கும்போது குழாய் மேலிருக்கும் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மறுநாள் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பத்து நாள் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. திரும்பி வந்தபோது சுத்தமாக இருந்தது, ஆனால் உள்ளே ஒரு தூசி புதிதாக வந்திருந்தது. படத்தில் தெரியாது, எனக்குத் தெரியும்.

நனைந்தால் சுருக்காதீர்கள். நீட்டிய நிலையிலேயே துணியால் மூடி, குழாயைச் சுற்றி நன்றாகத் துடைத்த பிறகுதான் சுருக்க வேண்டும். பையில் எப்போதும் இரண்டு பருத்தித் துண்டும் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையும் இருக்கின்றன. விலை உயர்ந்த மழை உறை ஒன்றும் வாங்கினேன். அதற்குள் கைவிட்டு ஜூம் வளையத்தைத் திருப்புவது பெரும்பாடு, இரண்டு தடவைக்கு மேல் பயன்படுத்தவில்லை.

மின்னலைச் சாதாரணமாக நினைக்கவே வேண்டாம். மொட்டைப் பாறை உச்சியில் உயரமாக இருப்பது நாம் மட்டும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் படத்தை மறந்துவிட்டு இறங்கிவிட வேண்டும். நனைந்த பாறையில் பாசி வழுக்கும் என்பதால், எண்ணிக்கை முப்பதுக்கு வரும்வரைகூட நான் இப்போது காத்திருப்பதில்லை.

அடுத்த அடி 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் மாவட்டத்தின் மேல் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் ஏறி, சாமான்களைக் காப்பாற்ற ஓடினோம். அந்த இரண்டு வாரம் கேமரா நினைப்பே யாருக்கு இருந்தது? ஈரம் ஊறிய பைக்குள்ளேயே லென்ஸ் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. ஆரம்ப நிலை என்பதால் சுத்தம் செய்துவிட முடிந்தது. அன்றிலிருந்து காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி. 45 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை. அரிசி டப்பாவில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அரிசித் தூசி இந்த லென்ஸுக்குள் சுலபமாகப் போய்விடும்.

அந்த மழை விட்ட பிறகு ஒரு நாள் மலையேறினேன். அப்படியொரு தெளிவை அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. புழுதி முழுக்கக் கழுவப்பட்டு, தூரத்து மேலகிரித் தொடரின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. அன்று எடுத்த பைரி என்ற வேட்டைப் பறவையின் படத்தில் அதன் கன்னத்துக் கறுப்புப் பட்டையில் இறகு இறகாகத் தெரிகிறது. லென்ஸ் அதே லென்ஸ்தான்.

விமானங்களைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. 2023லும் 2025லும் ஏரோ இந்தியாவுக்குப் போனேன். 2025இல் ரஷ்யாவின் சு-57 பறந்து காட்டியது, அமெரிக்காவின் எஃப்-35 உம் வந்திருந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. இடைப்பட்ட வருடங்களில் மலையில் உழவாரன்களை எடுத்துப் பழகியது அங்கே கைகொடுத்தது. உள்ளங்கை நீளக் குருவி, காதோரம் சீறிக்கொண்டு போகும். அதைச் சட்டத்துக்குள் வைக்கப் பழகிய கைக்கு, சு-30 போர் விமானம் பெரிய பேருந்து மாதிரி. பிப்ரவரி காற்று வறண்டது என்பதால் இறக்கை மேல் ஆவி படரும் படம் காலையில் மட்டும் ஓரிரண்டு கிடைத்தது. விமானம் சட்டென்று திரும்பும்போது இறக்கையின் மேல் காற்றழுத்தம் குறைந்து, காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. ஈரக் காற்று வேண்டும். வேல்ஸ் மலையில் மழையில் நனைந்தபடி காத்திருப்பவர்களுக்கு அந்தப் படங்கள் ஏன் கிடைக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

ராயக்கோட்டையில் ஒரே ஒரு தடவை. 2022 ஆகஸ்ட், தூறல் விட்டு விட்டு வந்த காலை. இடி போல ஒரு உருட்டல். தலையைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தேன், ஒன்றுமில்லை. மேகத்தின் ஓட்டையில், சத்தத்துக்கு வெகு முன்னால், முக்கோண இறக்கையோடு இரண்டு உருவங்கள். இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து சத்தம் நம்மிடம் வந்து சேர ஆறு நொடி ஆகிறது. மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானம் அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விடும். மின்னலுக்கு எண்ணத் தெரிந்த எனக்கு இது அந்த நேரத்தில் தோன்றவில்லை. லென்ஸைத் தூக்கினேன், நீளாமல் தடுக்கும் ஜூம் பூட்டு போட்டு 150இல் இருந்தது. பூட்டைத் தள்ளி, நீட்டி, போகஸ் பிடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. இரண்டு சாம்பல் புள்ளிகள் உள்ள அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. இப்போது மலையில் உட்கார்ந்தவுடன் செய்யும் முதல் வேலை பூட்டை விடுவித்து 400இல் வைப்பது. சத்தம் கேட்டால் அது போகும் திசையில் முன்னால் தேடுவது.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். வானத்தில் போவதை மலையிலிருந்து தற்செயலாக எடுப்பது வேறு, விமானப்படைத் தளத்தின் வேலியோரம் போய் நிற்பது வேறு. அனுமதி இல்லாமல் தளங்களைப் படம் எடுக்கக்கூடாது, அதை மதிக்க வேண்டும். அதே போல அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் இறங்கும் வழி அது. கையில் நீண்ட லென்ஸ் இருக்கும்போது கண் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருக்கும், பக்கத்தில் வருவது தெரியாது.

தேய்மானம்: ஜூம் வளையத்தின் ரப்பர் நான்காம் வருடம் தளர்ந்து சுற்ற ஆரம்பித்தது. கீழே சாய்த்தால் குழாய் தானாக நீளுகிறது, புதிதில் அப்படி இல்லை. காலர் திருகு ஒரு தடவை கழன்று விழுந்தது; இப்போது ஏறும் முன் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நடுக்கம் தடுக்கும் வசதியில் ஒரு குறையும் இல்லை, 1/1000க்கு மேல் வைக்கும்போது அதை அணைத்துவிடுகிறேன், அப்போது போகஸ் இன்னும் சட்டென்று பிடிப்பதாக எனக்குப் படுகிறது.

வாங்கலாமா என்று கேட்டால், விடியும் முன் மலையேற உங்களால் முடியுமா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள், பழைய லென்ஸாகக் கிடைத்தாலும் உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்து மணிக்குமேல்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வது நல்லது.

என்னுடையதை விற்கும் எண்ணம் இல்லை. தளர்ந்த ரப்பர் வளையத்துக்குச் சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி மாட்டியிருக்கிறேன், ஈரக் கையிலும் வழுக்காமல் நன்றாகப் பிடிக்கிறது. ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம். பெரியவர் நேற்று போனில் சொன்னார், மலை மேல் காற்று இப்போதே மாறிவிட்டதாம்.